நெடுந்தூரப் பாரத்திற்கு ஏற்ற டிராக்டர்

விளைபொருளைக் களத்திலிருந்து ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டுசேர்க்க முற்காலத்தில் ஒரு பாரவண்டியும் ஒரு ஜோடிக் காளையும் போதுமானவையாயிருந்தன. இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் டிராக்டரும் அதன்பின் பூட்டிய டிரெய்லருமே செய்துவருகின்றன. உழவுக்கென்று வாங்கிய டிராக்டரே கரும்பையும் மரவள்ளிக் கிழங்கையும் நெல் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு 30, 40 கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறது. ஆயினும் டிராக்டர் வாங்கப் புறப்படும் குடியானவர் கேட்பது, அநேகமாய், "இது எத்தனை டன் இழுக்கும்?" என்ற ஒரே கேள்விதான். "எத்தனை டன்னை நிறுத்தும்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. நெடுந்தூரப் பாரத்தைப் பொறுத்தமட்டில் இந்த இரண்டாவது கேள்வியே பிரதானமானது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும்.

டிராக்டரின் எடை 2 டன் என்றும், பாரத்தோடு சேர்ந்த டிரெய்லரின் எடை 6 டன் என்றும் வைத்துக்கொள்வோம். சமமான தார்ச் சாலையில் உருளும் வண்டியை இழுக்க அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவுள்ள விசை போதும். ஆகவே மொத்தம் 8 டன்னையும் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நடத்தச் சுமார் 12 குதிரைச் சக்தியே செலவாகும். 35 குதிரைச் சக்தியுள்ள சிறிய டிராக்டருங்கூட இதை அலட்சியமாய்ச் செய்துவிடும். இதுதான் நம்மவரை ஏமாற்றுவது. இழுக்கிறதே, இன்னும் பத்து மூட்டை ஏற்றினால் என்ன என்று தோன்றிவிடுகிறது.

நிறுத்துவதோ வேறு சங்கதி. நம் நாட்டில் வழங்கும் சாதாரண டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. டிராக்டரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அச்சக்கரங்களின் மேல் நிற்கிறது. அவை உலர்ந்த தார்ச் சாலையைப் பற்றிக்கொண்டு தரக்கூடிய தடுப்பு விசை சுமார் 800 கிலோ என்று கொள்ளலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்லும் டிராக்டர் தனித்து வந்தால், பிரேக்கை மிதித்தபின் 6 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் இல்லாத மேற்படி 6 டன் டிரெய்லர் பின்னால் இருந்தால் நிற்க 20 மீட்டர் வேண்டும். இருபதடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அது 35 மீட்டராகும். அதே சரிவில் மழையும் பெய்து டயரின் பிடிப்புப் பாதியாய்க் குறைந்துவிட்டால் 100 மீட்டரைத் தாண்டியும் வண்டி நில்லாது. ஓட்டுபவர் அபாயத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் கடந்துவிடும் தூரம் இக்கணக்கில் சேரவில்லை.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து சேலத்திற்குப் பாரம் கொண்டுபோகிறவர்கள் தொப்பூர்க் கணவாயில் இதைப் பிரத்தியட்சமாய்க் காணலாம். அங்கே பாரத்தோடு இறங்குவது சேலம் நோக்கிச் செல்லும் வண்டிகளே; பெரிய லாரிகளுங்கூடப் பிரேக் பிடியாமல் விபத்துக்குள்ளான இடம் அது. மேலே சொன்ன சரிவில் நமது 6 டன் டிரெய்லர், தன் உருளும் தடை போக, 180 கிலோ விசையோடு டிராக்டரைப் பின்னாலிருந்து ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் இறங்கும் பாரவண்டி காளைகளின்மேல் வந்து விழுவதைப் போன்றதே இது. காளை காலை ஊன்றிச் சமாளிக்கும். டிராக்டரோ வளைவிலே பக்கவாட்டில் திரும்பி, டிரெய்லரோடு மடங்கிப் புரளும்.

ஆகையால் முதலில் பார்க்கவேண்டியது டிராக்டரின் எடை. ஒரே குதிரைச் சக்தியுள்ள இரண்டு டிராக்டர்கள் ஒரே எடையுள்ளனவாய் இருப்பதில்லை. சாலைப் பாரத்திற்குக் கனத்ததே உத்தமம். பிரேக் இல்லாத வண்டியின் மொத்த எடை டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது என்று டிராக்டர்க் கைப்புத்தகங்கள் சிலவற்றில் விதித்திருக்கிறது. இதன்படி 2 டன் டிராக்டர் 3 டன்னே இழுக்கலாம். அதில் வெறும் டிரெய்லரின் எடையும் அடங்கும். இதற்கு மேல் ஏற்ற எண்ணுகிறவர்கள் டிரெய்லருக்கே பிரேக் வைத்துக்கொள்வது இன்றியமையாதது. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இருப்பதில்லை. தொட்டிக்கு வர்ணமும் பெயரும் எழுதச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாமே என்று பலமுறை எனக்குத் தோன்றியதுண்டு.

இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றவேண்டும். வண்டி கட்டிப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. முன்பாரம் மிஞ்சினால் காளையின் கழுத்து அமுங்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே எழும்பும். டிராக்டரிலும் அப்படியே. முன்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்பினாலும் திரும்பா. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின் மேல் நிற்கவேண்டும். குறைந்தால் முன்புறம் இரும்பு எடைகளை மாட்டலாம். பின்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் பின்சக்கரங்கள் இலேசாகிப் பிரேக்கின் பிடிப்புக் குறையும். நான்கு சக்கர டிரெய்லர் டிராக்டரின் முதுகில் பாரத்தைச் சுமத்துவதில்லை. அதனால் முன்சக்கரங்கள் எழும்பா. ஆனால் பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிடிப்பும் கிடைக்காது.

டிரெய்லரைப் பூட்டும் இடமும் முக்கியம். தாழ்வாயுள்ள இழுவைச் சட்டத்தில்தான் பூட்டவேண்டும். மேட்டில் இழுக்கவில்லை என்று சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், டிராக்டர் முன்புறம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடும். பூட்டும் ஆணிக்குக் கீழே கழன்று விழாத கொக்கியும், ஆணி முறிந்தால் தாங்கப் பாதுகாப்புச் சங்கிலியும் இருக்கவேண்டும்.

வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியே மிதிக்கும் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் தாழிட்டு ஒன்றாக்கிக்கொள்வது அவசியம். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பாரவண்டி குடைசாயும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது சில டிரைவர்களின் வழக்கம். அது பெரும் ஆபத்து. எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறவேண்டியிருக்குமோ அதே கியரில், சரிவு தொடங்குவதற்கு முன்பே மாற்றிக்கொண்டு, இறங்கவேண்டும்.

டிராக்டரின் எடையைப் பதிவுச் சான்றிலேயே காணலாம். இழுவை, பிரேக் முதலியவற்றின் பரிசோதனை விவரங்களுக்கு, மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள மத்திய அரசாங்க நிலையம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பது உசிதம். பழைய டிராக்டர் வாங்குவோர் பாரமேற்றிய டிரெய்லரோடு ஒரு சரிவில் நிறுத்திப் பார்த்தபின்னரே விலை பேசவும்.

தூரம் 40 கிலோமீட்டருக்கு மேற்பட்டால் லாரியை வாடகைக்கு அமர்த்துவதே மேல் என்பது என் அபிப்பிராயம். உழவுக்கென்று அமைந்த டயர் தார்ச் சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்; போகவரும் நேரத்தில் அரைநாள் உழவும் தவறும். புது டயரின் விலையையும் கணக்கில் சேர்த்தால் லாரி வாடகை அதிகமாய்த் தோன்றாது.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை இரண்டு உண்டு. திருவிழாவுக்கும் கலியாணத்திற்கும் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வதைத் தடுக்கவேண்டும். 2022-ம் வருஷம் அக்டோபர் 1-ம் தேதி உத்தரப் பிரதேசம் கான்பூர் ஜில்லாவில், கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மற்றொன்று, இராக் காலத்தில் விளக்கின்றிச் சாலையோரம் நிற்கும் டிரெய்லர். கரும்பு வெட்டுத் தொடங்குமுன் ஊரிலுள்ள டிரெய்லர்களையெல்லாம் ஒருமுறை பார்வையிட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இருபக்கமும் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் மண்படியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றுக்கு உடனே வைக்கச் செய்யவேண்டும்.