பிள்ளையின் மனமறிய உதவும் உளவியலாளர்

"படிப்பில் கவனமில்லை, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று பிள்ளையைக் குறைகூறும் பெற்றோர் பலர். அப்பிள்ளையை உளவியலாளரிடம் அழைத்துச் செல்லும்படி பள்ளி ஆலோசகர் கூறினாலோ, "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று மனம் கொதிக்கின்றனர். இந்தத் தயக்கத்தால் பிள்ளை இழப்பது பொன்னான ஆண்டுகளை!

1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உலகின் முதல் உளவியல் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்கு முதலில் வந்தவன் 14 வயதுச் சிறுவன். ஆசிரியை ஒருவர் அழைத்து வந்தார். அறிவுள்ள பிள்ளைதான், ஆயினும் சொற்களைப் பிழையின்றி எழுத வரவில்லை. சோதித்ததில் கண்பார்வைக் குறைபாடும் ஒரு காரணம் எனத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியும் தனிப் பயிற்சியும் அவனுக்கு அளிக்கப்பட்டன. குறைகூறுமுன் காரணத்தைத் தேடுவதே இத்துறையின் அடிப்படை.

உளவியலாளர் மருந்து எழுதித் தருபவர் அல்லர்; அது மனநல மருத்துவரின் பணி. இவர் முதலில் பெற்றோரிடம் கேட்டறிவார். பிள்ளை எப்போது பேசத் தொடங்கியது? உறக்கம் எப்படி? தம்பி தங்கை பிறந்ததா? தாத்தா பாட்டி மறைந்தனரா? வீட்டில் சச்சரவு உண்டா? பின்னர், நினைவாற்றல், மொழித்திறன், கவனம் ஆகியவற்றைச் சோதிப்பார். சிறு குழந்தைகள் வாயால் சொல்லத் தெரியாததை விளையாட்டிலும் ஓவியத்திலும் காட்டுவதுண்டு. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் பிள்ளையாயின் அதை மறவாமல் தெரிவியுங்கள். மொழிப் பழக்கக் குறைவை அறிவுக் குறைவாக எவரும் கருதிவிடக் கூடாதல்லவா?

சிகிச்சையில் பாதி, பெற்றோரின் கையில்தான் உள்ளது. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, நல்லது செய்தவுடன் பாராட்டு, நாள்தோறும் மாறாத உறங்கும் நேரம் - இத்தகைய எளிய பழக்கங்களையே உளவியலாளர் பெரிதும் கற்றுத்தருகிறார். பிள்ளை கூறுவதை, அதன் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தாலன்றி, பிறரிடம் வெளியிடமாட்டார்.

சிங்கப்பூரில் பள்ளி ஆலோசகரையோ பலதுறை மருந்தகத்து மருத்துவரையோ முதலில் அணுகலாம். பள்ளிகளுக்குக் கைகொடுக்கும் 'ரீச்' எனும் மனநலத் திட்டமும் 2007 முதல் இயங்கி வருகிறது.

காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனம் வாடிய பிள்ளைக்கும் அதே அக்கறையைக் காட்டுவோமாக. அவ்வாறு செல்லும் குடும்பத்தைக் கண்டால் புறம்பேசாது துணைநிற்போம். அதுவும் ஓர் அறப்பணியே.