உங்களுக்குத் தெரியுமா? பைசாவை விழுங்கும் பாஷ்

லினக்ஸின் பாஷ் ஷெல்லுக்கு முழு எண் கணக்கு மட்டுமே தெரியும். 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் 3 என்று சொல்லிவிட்டு, மிச்ச அரையைப் பற்றி மூச்சே விடாது. 999 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடும்போது முதலில் 100-ஆல் வகுத்தால் வரி 162 ரூபாய். முதலில் 18-ஆல் பெருக்கினால் 179. உண்மையான விடை 179.82! தொகையைப் பைசாவாக்கி 99,900-ஐ 18-ஆல் பெருக்கி, பிறகு 100-ஆல் வகுங்கள். 17,982 பைசா சரியாக வரும்.

தசமம்தான் வேண்டுமென்றால், பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செரியும் ராபர்ட் மாரிஸும் உருவாக்கிய ‘பிசி’ (bc) என்ற கணக்கு நிரல் இருக்கிறது. அதுவும் லேசுப்பட்டதல்ல: ஸ்கேல் 2, அதாவது இரண்டு தசம இடம், என்று சொன்னாலும் 2-ஐ 3-ஆல் வகுத்தால் .67 தராது, .66 என்று வெட்டிவிடும்.

இன்னொரு வம்பு, 08. முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் அதை எட்டின் அடிமான எண்ணாகப் படிக்கும்; அதில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லாததால் 08, 09 என்றால் பிழை காட்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கணக்கு போடுகிறவர்கள் ஜாக்கிரதை!