பெரிய டயரும் பினியனின் ஒரு பல்லும்

ஜீப் வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்டும் ஆர்வம் இளைஞர்களிடையே வளர்ந்து வருகிறது. தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களில் மேற்கே திரும்பினாலே மலை தெரிகிறது. மலை தெரியும் ஊரில் ஜீப்பின் மீது ஆசை பிறப்பது இயற்கையே. ஆனால் பெரிய டயர் மாட்டிய சில நாட்களில், "வண்டி முன்போல் இழுக்கவில்லை" என்ற குறை எழுகிறது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாலும் அதில் பழுது ஒன்றும் இருப்பதில்லை. அப்படியானால் இழுவை எங்கே போயிற்று? எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல் தத்துவமே இதற்கு விடை சொல்லும்.

டயரில் எழுதியிருக்கும் கணக்கு

டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர் 15 என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில் தரப்படுகிறது. இரண்டாவது எண், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் காட்டும். கடைசி எண் உள்ளே இருக்கும் இரும்பு வட்டின் விட்டம். இது அங்குலத்தில் இருக்கும்.

215 மில்லிமீட்டரில் 75 விழுக்காடு 161 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள் சேர்ந்து 322 மி.மீ. வட்டின் 15 அங்குலம் 381 மி.மீ. ஆக டயரின் விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ. ஆகிறது. இதைக் கழற்றிவிட்டு, 31 அங்குல டயர் ஒன்றை மாட்டுவதாகக் கொள்வோம். அதன் விட்டம் 787 மி.மீ. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.12 வருகிறது. அதாவது, டயர் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பெரிதாகிவிட்டது.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. சக்கரத்தின் ஆரம் 42 மி.மீ. கூடுவதால், அச்சின் நடுவே தொங்கும் குமிழ் தரையிலிருந்து அவ்வளவு உயர்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடற்பகுதிதான் மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சைக் கல்லில் இடிக்காமல் தூக்கிப் பிடிக்கப் பெரிய டயர் எளிய வழி. மணலிலும் சேற்றிலும் அது எளிதில் புதைவதில்லை. இந்த நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் கேள்வி.

கடைசி நெம்புகோல்

எஞ்சினின் சுழற்சி முதலில் கியர்ப் பெட்டிக்குள் செல்கிறது. அங்கிருந்து நீண்ட தண்டு வழியாக அச்சை அடைகிறது. அச்சின் நடுவில், பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பற்கள், கிரவுனில் 41 பற்கள் என்றால், தண்டு 4.1 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த 4.1 என்ற எண்ணையே அச்சு விகிதம் என்கிறோம்.

சுழற்சி 4.1 மடங்கு குறையும்போது, முறுக்குவிசை 4.1 மடங்கு பெருகுகிறது. உராய்வில் போகும் சிறு பங்கை இங்கே விட்டுவிடுவோம். இந்த முறுக்குவிசை சக்கரத்தின் மையத்தில் பிறக்கிறது. ஆனால் வண்டியைத் தள்ளுவது டயர் தரையைத் தொடும் இடத்தில். முறுக்குவிசையை ஆரத்தால் வகுத்தால்தான் தள்ளும் விசை கிடைக்கும். ஆரம் பெருகினால் விசை குறையும். நீண்ட நெம்புகோலின் எந்த முனையில் நாம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்த செய்தி இது. இங்கே நீண்ட முனை சாலையின் கையில் இருக்கிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். எஞ்சினின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4 மடங்கு, அச்சு 4.1 மடங்கு என்று கொள்ளுங்கள். சக்கரத்தில் 3,280 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. பழைய டயரில் இது 950 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையாகிறது. புதிய டயரிலோ 850 கிலோகிராம்தான். காணாமல் போன நூறு கிலோ, இரண்டு சிமெண்டு மூட்டைகளின் எடை! மலைப் பாதையில் அந்த இரண்டு மூட்டைகளும் வண்டியைப் பின்னால் இழுப்பதற்குச் சமம்.

"கியரை ஒரு படி இறக்கினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நடுக் கியர்களில் போதும். ஆனால் கியர்ப் பெட்டியில் முதல் கியருக்குக் கீழே இறங்குவதற்கு வேறு படி இல்லை. அங்கே ஏற்பட்ட இழப்பு இழப்புத்தான். மறுபக்கம், உச்சக் கியரில் எஞ்சின் திணறுவதால் அந்தக் கியரே பயன்படாமல் போகிறது.

ஒரு பல் குறைந்தால்

இதற்குப் பரிகாரம் எளிய பெருக்கல் கணக்கு. பழைய அச்சு விகிதத்தை டயர்களின் விட்ட விகிதத்தால் பெருக்கவேண்டும். 4.1 × 1.12 = 4.59. சரியாக இதே விகிதம் கிடைக்காது. பற்கள் முழு எண்களாக இருக்கவேண்டுமல்லவா? ஆனால் 41 பல் கிரவுனுக்கு 9 பல் பினியன் பொருத்தினால் 4.56 வருகிறது. பினியனில் ஒரே ஒரு பல்தான் குறைந்தது. வண்டியின் இழுவை 944 கிலோவுக்குத் திரும்பிவிட்டது!

விகிதத்தின் எண் பெரிதாக இருந்தால் இழுவை மிகுதி, வேகம் குறைவு. சிறிதாக இருந்தால் வேகம் மிகுதி, இழுவை குறைவு. மாணவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரும் பற்சக்கரத்தை எவரும் செய்ய முடியாது. ஆற்றல் அழியாமை விதி அதற்கு இடம் தராது.

டீசலின் இயல்பு

பெட்ரோல் எஞ்சினைப்போல் டீசல் எஞ்சின் மிக வேகமாகச் சுழலாது. அதன் வலிமை குறைந்த சுழற்சியில் இருக்கிறது. 2020இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 1,600 முதல் 2,800 சுற்று வரை தன் முழு முறுக்குவிசையைத் தருகிறது. 1,600க்குக் கீழே டர்போவின் காற்றழுத்தம் போதாமல் எஞ்சின் சோர்கிறது. ஆகவே, நாம் வழக்கமாகச் செல்லும் வேகத்தில் எஞ்சினை இந்த எல்லைக்குள் நிறுத்தி வைப்பதே அச்சு விகிதத்தின் வேலை.

இத்தகைய எஞ்சினை நம் எடுத்துக்காட்டு வண்டியில் வைத்து, உச்சக் கியரில் தண்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுழல்வதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர். ஆயிரத்தை டயரின் சுற்றளவால் வகுத்து, அச்சு விகிதத்தால் பெருக்கினால் எஞ்சினின் சுழற்சி கிடைத்துவிடும்.

பழைய டயர், 4.1 விகிதம்: 1,855 சுற்று.
பெரிய டயர், 4.1 விகிதம்: 1,660 சுற்று.
பெரிய டயர், 4.56 விகிதம்: 1,845 சுற்று.

இரண்டாவது வரியைப் பாருங்கள். எஞ்சின் எல்லையின் விளிம்பில் நிற்கிறது. வேகம் 55க்கு இறங்கினால் சுழற்சி 1,520 ஆகிவிடும். ஓட்டுநர் கியரை மாற்றியே தீரவேண்டும். மூன்றாவது வரியில் பழைய நிலை திரும்பிவிட்டது.

ஆனால் எல்லா வண்டிக்கும் இதே மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. 1947இல் வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளை மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் இணைத்துத் தரத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88, அதாவது 39க்கு 8 பற்கள். பின்னர் வந்த சி.ஜே. 3பி ஜீப்பில் அது 5.38, அதாவது 43க்கு 8. இவை பெட்ரோல் எஞ்சினுக்கென அமைந்தவை. அத்தகைய ஜீப்பில் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 703 மி.மீ. டயருடன், 5.38 விகிதத்தில் 80 கிலோமீட்டர் வேகம் சென்றால் எஞ்சின் 3,240 சுற்றுச் சுற்றும். பழைய டீசல் எஞ்சினுக்கு இது கடும் உழைப்பு. அங்கே 31 அங்குல டயர் மாட்டினால் சுழற்சி 2,900க்கு இறங்கி எஞ்சின் மூச்சு விடும். அந்த வண்டியில் பெரிய டயரே மருந்தாகிறது. ஆகவே, நம் வண்டியின் இப்போதைய விகிதம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இறக்கத்தில்தான் சோதனை

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து அங்கே செல்லும் கரடுமுரடான பாதையில் ஜீப்புகளே ஏறுகின்றன. இப்படிப்பட்ட பாதையில் ஏற முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது தவறினால் உயிருக்கே ஆபத்து.

எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மலைப் பாதை ஓட்டுநர்கள் சொல்வார்கள். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சின் அதைத் தடுக்கிறது. இந்தத் தடையும் அச்சு விகிதத்தால் பெருகி, ஆரத்தால் வகுபட்டே தரைக்கு வருகிறது. பெரிய டயர் மாட்டினால் இதுவும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் அதன் தடுப்பும் தளர்கிறது.

வேகமானியும் ஏமாற்றும். பழைய ஜீப்புகளில் வேகமானி, கியர்ப் பெட்டிக்கும் அச்சுக்கும் இடையே சுழலும் பகுதியிலிருந்து கணக்கெடுக்கிறது. பெரிய டயருடன் அது 40 என்று காட்டும்போது வண்டி 45ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 1.12ஐ 1.12ஆல் பெருக்கினால் 1.25. ஓட்டுநர் அறியாமலே நிறுத்தவேண்டிய ஆற்றல் கால் பங்கு கூடிவிட்டது!

அச்சு விகிதத்தை 4.56க்கு மாற்றினால் எஞ்சினின் தடுப்பு திரும்பிவிடும். இத்தகைய வேகமானியும் ஏறக்குறைய உண்மை பேசும். ஆனால் ஒன்று மட்டும் திரும்பாது. அதுதான் கால் பிரேக். பிரேக் சக்கரத்திலேயே இருக்கிறது. அச்சின் பற்சக்கரங்களைக் கடந்து அப்பால் நிற்கிறது. பற்களை எப்படி மாற்றினாலும் பிரேக்கின் முறுக்குவிசை பெருகாது. அது பெரிய ஆரத்தால் வகுபட்டு, அதே மிதிக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைந்த விசையையே தரும். ஆகவே, பற்சக்கரத்தை மாற்றியவுடன் வண்டி முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று எண்ணுவது ஆபத்து. மலையில் இறங்கும்போது பிரேக் சூடாவதற்கு முன்பே, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கும் பழக்கம் வேண்டும்.

எந்த விகிதம்?

தளவாய்புரத்திலிருந்து ஒருவர் போடி மலைக்குப் புறப்பட்டால் பாதையின் பெரும்பகுதி சமவெளிச் சாலை. கடைசிப் பகுதிதான் மலை. நம் எடுத்துக்காட்டு வண்டிக்கு, பெரிய டயருடன் 4.56 இவருக்குப் பொருந்தும். 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,460 சுற்றில் அமைதியாக ஓடும். மலைத் தோட்டத்திலேயே நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு 4.88 மேலும் நல்லது. ஆனால் சமவெளியில் அதே 80க்கு எஞ்சின் 2,630 சுற்றுச் சுற்றும். இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும்.

இன்னும் சில செய்திகளை மறக்கக்கூடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, தண்டும் பற்களும் முறுக்கேறி உடையும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று இழைத்த இணைகள். இரண்டையும் சேர்த்தே வாங்கவேண்டும். பற்களின் இடைவெளியைத் தேர்ந்த பட்டறையில்தான் சரிசெய்யவேண்டும். பற்கள் குறையக் குறையப் பினியன் சிறுத்து வலிமை குறையும் என்பதால், தேவைக்கு மேல் பெரிய விகிதத்தைத் தேடவேண்டாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை மாற்றியமைப்பதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. எனவே டயர் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

இந்தத் தத்துவத்தைக் காண ஜீப் தேவையில்லை. உங்கள் சைக்கிளின் முன்சக்கரப் பல்லையும் பின்சக்கரப் பல்லையும் எண்ணி வகுத்துப் பாருங்கள். பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் எத்தனை மீட்டர் செல்லும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடிட்டு அளந்து பாருங்கள். கணக்கும் அளவும் ஒத்துவந்தால், பற்சக்கர விகிதம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.