கடைக்கு 'மைசூர்' என்று பெயர் வைக்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

மைசூருவில் சிறுதொழில் தொடங்குவோரைப் பெயர் விஷயத்தில் குழப்புபவை இரண்டு: ஊர்ப் பெயருக்கு உள்ள சந்தை மதிப்பு, 2024-ல் திருத்தப்பட்ட பெயர்ப் பலகைச் சட்டம். பலகை எழுதக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

'மைசூர்' என்ற சொல்லைக் கடைப் பெயரில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஊர்ப் பெயர் எவருக்கும் தனிச் சொத்து அல்ல. ஆனால் மைசூர் பட்டு, மைசூர் அகர்பத்தி, மைசூர் மல்லிகை, மைசூர் சந்தன சோப் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. இப்பொருள்களை அந்தப் பெயரில் தயாரித்து விற்க, புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற வேண்டும். வேறு ஊரில் நெய்த சேலைக்கு 'மைசூர் பட்டு' என்று பெயரிடுவது சட்டவிரோதம்.

மாநகராட்சி உரிமம் வாங்கினால் பெயர் கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடுமா?

ஆகாது, பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். தொழில் உரிமம், ஜிஎஸ்டி, உத்யம் பதிவு எதுவும் பெயருக்கு உரிமை தருவதில்லை. அந்த உரிமை 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டப் பதிவால் கிடைக்கிறது. பதிவு செய்யாத பெயருக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு கோரலாம் என்றாலும், அந்தப் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் உண்டு என்பதைக் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

பதிவுக்கு எவ்வளவு செலவாகும்?

இணையவழியில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகைப்பாட்டுக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. மொத்தம் 45 வகைப்பாடுகள் உள்ளன. இனிப்புத் தயாரிப்பு 30-வது வகைப்பாடு, உணவகம் 43-வது என்பதால் இரண்டும் நடத்துவோர் இரு கட்டணம் செலுத்த வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

எந்தப் பெயர் எளிதில் பதிவாகும்?

பொருளையோ ஊரையோ மட்டும் குறிக்கும் 'மைசூர் இனிப்பகம்' போன்ற பெயர்கள் பொதுவாக நிராகரிக்கப்படும். விற்கும் பொருளோடு நேரடித் தொடர்பில்லாத சொல்லுக்கும், புதிதாக உருவாக்கிய சொல்லுக்கும் பாதுகாப்பு வலுவானது. வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். ஒரே எழுத்துகள் கொண்ட பெயர்களுடன், ஒலியில் ஒத்தவற்றையும் பார்ப்பது அவசியம். விண்ணப்பம் பதிவகத்தின் வர்த்தக முத்திரை இதழில் வெளியான பின், மற்றவர்கள் ஆட்சேபிக்க 4 மாத அவகாசம் உண்டு.

தமிழ்ப் பெயர் வைக்கத் தடை உண்டா?

இல்லை. ஆனால் பலகையில் குறைந்தது 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில், இருக்க வேண்டும். மீதி இடத்தில் தமிழோ ஆங்கிலமோ எழுதலாம். இன்றைய கன்னடத்தில் 'ழ' எழுத்து வழக்கில் இல்லாததால், அவ்வெழுத்து வரும் பெயர் பலகையில் வேறு ஒலி பெறும். ஆகவே இரு மொழியிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் பெயரே பாதுகாப்பானது.

பிரைவேட் லிமிடெட் நிறுவனமானால்?

நிறுவன விவகாரத் துறையிடம் ரூ.1,000 செலுத்தி இரு பெயர்களை முன்மொழியலாம். ஒப்புதல் பெற்ற பெயர் 20 நாள்களுக்கு ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் நிறுவனப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒப்புதலும் வர்த்தக முத்திரைப் பதிவுக்கு ஈடாகாது.