பாட்டுப் பெட்டி வாங்கப் போறீங்களா? காதையும் கேட்டுக்குங்க!

உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளை இருக்கிறதா? இல்லை, ரிடையர் ஆன பிறகு பழைய பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்யும் ஆசை உங்கள் கணவருக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் இந்தக் கோரிக்கை ஒருநாள் வந்தே தீரும். ''அம்மா, போன்ல பாடினா நல்லாவே பதிவாகலை. ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கித் தாயேன்!''

பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அவ்வளவுதான். மைக்கில் விழும் குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றும். கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைத் திரும்ப ஒலியாக்கி ஹெட்போனுக்கு அனுப்பும். சுமார் ஐயாயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பதினைந்தாயிரத்துக்குள் வீட்டுக்குத் தேவையான எல்லாம் வந்துவிடும்.

''சரி, இதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?'' என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது... நிறையவே இருக்கிறது!

முதலில், தேவையா என்று பாருங்கள்

பாட்டுக் கேட்க மட்டும்தான் என்றால் இந்தப் பெட்டியே வேண்டாம். போனும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும். பாடிப் பதிவு செய்யவும், வீணை, கிடார் வாசிக்கவும், ஆன்லைனில் சங்கீத வகுப்பு எடுக்கவும்தான் இது உதவும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கடைக்காரர் சொல்லும் பெரிய பெரிய எண்களில் மயங்காதீர்கள். பெஹ்ரிங்கர் யுஎம்சி22-இன் உச்ச வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ 192 வரை போகும். ஆனால் மனிதக் காது கேட்பதே அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ்தான். வயதாக ஆக அதுவும் குறைந்துகொண்டே வரும். அதைப் பதிவு செய்ய சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸே போதும். 192-ஐ நம்பி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியவை வேறு...

* மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தருகிறதா? கண்டென்சர் வகை மைக்குக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் மின்விசிறி, குக்கர் விசில், தெருவில் ஆட்டோ என்று இருக்கும் நம் வீடுகளுக்கு டைனமிக் வகை மைக்கே தோது. வாய்க்கு அருகில் வைத்துப் பாடினால் பக்கத்துச் சத்தத்தைக் குறைவாகத்தான் இழுக்கும். அதற்கு இந்த 48 வோல்ட் தேவையில்லை.

* 'டைரக்ட் மானிட்டர்' வசதி உண்டா? கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வரும் குரல் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழும். நூறில் ஒரு வினாடியைத் தாண்டினாலே பாடுகிறவருக்குத் தாளம் தடுமாறும். இந்த வசதி இருந்தால் குரல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும்.

* ஹெட்போனுக்குத் தனி வால்யூம் குமிழ் இருக்கிறதா? சில பெட்டிகளில் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் ஒரே குமிழ்தான். ஸ்பீக்கருக்காகக் கூட்டியதை மறந்து ஹெட்போனை மாட்டினால்... காது பாவம்!

* ஹெட்போன், காதை முழுசாக மூடும் வகையாக இருக்கட்டும். வெளிச் சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமைக் கூட்டத் தோன்றாது. 32 முதல் 80 ஓம் வரை உள்ளது சின்னப் பெட்டிக்குப் பொருந்தும். 250 ஓம் வாங்கினால் சத்தம் போதாமல் திண்டாடுவீர்கள்.

போன் எச்சரிக்கும்... பெட்டி எச்சரிக்காது!

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நிறைய போன்களில் சத்தத்தை ரொம்பக் கூட்டினால், 'காதுக்கு ஆபத்து' என்று ஒரு எச்சரிக்கை வரும். ஆனால் இன்டர்ஃபேஸில் சத்தத்தைக் கூட்டுவது கையால் திருகும் குமிழ். நீங்கள் எவ்வளவு திருகினீர்கள் என்பது போனுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எச்சரிக்க ஆளில்லை!

நம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஒலியை உணர்ந்து மூளைக்குச் சேதி அனுப்புவது அதிலுள்ள நுண்ணிய ரோம செல்கள். ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம். அதிக சத்தத்தில் அவை அழிந்துபோனால் மறுபடி முளைக்காது. தலைமுடியாவது வளரும்... இது வளராது. மருந்தும் இல்லை.

பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம். 90 என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். 100 டெசிபலுக்குப் போனால்? வாரத்துக்கு வெறும் 20 நிமிஷம்!

அந்தப் பொல்லாத நொடி

வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? பிள்ளை பாடுகிறது. மைக்கின் 'கெயின்' குமிழைக் குறைவாக வைத்திருப்பதால் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்பதில்லை. உடனே ஹெட்போன் குமிழைத் திருகுகிறது. பாடி முடித்ததும் அதே ஹெட்போனில் ஒரு சினிமாப் பாட்டைத் தட்டிவிடுகிறது. வெளியாகும் பாட்டுகள் எல்லாம் உச்ச அளவுக்குச் சத்தமாகவே தயாராகின்றன. மெல்லிய குரலுக்காகத் திருகி வைத்த அளவில் அது வந்தால், காதில் இடிதான்!

இதைத் தடுக்கச் சுலபமான வழி உண்டு.

1. பெட்டி வந்த அன்றே, வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். கம்ப்யூட்டரின் வால்யூமை முழுசாக வைத்து, உங்களிடம் உள்ளதிலேயே சத்தமான பாட்டைப் போடுங்கள். ஹெட்போன் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருகுங்கள். ஒருவர் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற அளவு வந்ததும் நிறுத்துங்கள். குமிழின் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள். அதுதான் லட்சுமண ரேகை!

2. பாடும்போது குரல் கேட்கவில்லையா? பொட்டைத் தாண்டாதீர்கள். மைக்கின் கெயினைக் கூட்டுங்கள். உச்சஸ்தாயியில் பாடினாலும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது, அதுதான் அளவு. அப்படியும் போதவில்லை என்றால், பின்னணி இசையைக் குறையுங்கள்.

3. மைக்கைச் செருகும்போதும், பிடுங்கும்போதும், 48 வோல்ட் சுவிட்சைத் தொடும்போதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். 'டப்' என்று கிளம்பும் சத்தம் காதுக்குள் போக வேண்டாமே.

4. ஒரு மணி நேரம் பாடினால் பத்து நிமிஷமாவது காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கிறதா? பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதா? 'போதும்' என்று காது கெஞ்சுகிறது என்று அர்த்தம். மறுநாளும் அது போகவில்லை என்றாலோ, டி.வி. சத்தத்தைப் பிள்ளை கூட்டிக்கொண்டே போனாலோ, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டி ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். வலியில்லாத பரிசோதனைதான். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளவே தள்ளாதீர்கள். அன்றைக்கே ஓடுங்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பெட்டி பழுதானால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். காதுக்குக் கடை கிடையாது. பாடுகிற பிள்ளைக்குக் குரல் பாதி சொத்து என்றால், காது மீதிப் பாதி. பெட்டியை வாங்கிக் கொடுங்கள்... கூடவே அந்த ஒரு ரூபாய்ப் பொட்டையும் நீங்களே ஒட்டிக் கொடுங்கள்!