மருந்து காணாத மூளை: மனச்சிதைவு ஆய்வில் ஓர் அளவீட்டுச் சிக்கல்

மூளைக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்த பழைய முறையை விடுத்து, சி.டி. படங்களின் வழி மனச்சிதைவு நோயாளரின் மூளை முதன்முதலில் அளக்கப்பட்டது 1976ஆம் ஆண்டிலாகும். இங்கிலாந்தின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் நெடுநாள் நோயாளரின் மூளை நீரறைகள் விரிந்திருப்பதைக் காட்டினர். ஆயின் நெடுநாள் நோயாளர் பொதுவாக நெடுநாள் மருந்துண்டோரும் ஆவர். கண்ட வேறுபாடு நோயினதா, மருந்தினதா?

இவ்வையம் வெறும் தருக்கம் அன்று. ஹாலோபெரிடால் அல்லது ஓலன்சபின் மருந்தை 17 முதல் 27 மாதங்கள் வரை பெற்ற மக்காக் குரங்குகளின் மூளை ஏறத்தாழ 8 முதல் 11 விழுக்காடு சுருங்கியிருந்ததை 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அக்குரங்குகளுக்கு மனச்சிதைவு இல்லை.

எனவே மருந்தே உட்கொள்ளாத நோயாளரை அளப்பது இன்றியமையாததாகிறது. மேலைநாடுகளில் அத்தகையோரை, அதிலும் பல்லாண்டு நோயுற்றோரைக் காண்பது அரிது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு அத்தகையோர் கிடைத்தனர். தாரா, பத்மாவதி ஆகியோர் ஸ்காட்லாந்தின் மெக்ரீடியுடன் இணைந்து 2002இல் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்வு, மருந்துண்ணாத நோயாளரை இருவகைப்படுத்தியது: வாய், நா, கை, கால்களில் தம்வயமின்றி அசைவு எழுவோர் ஒருவகை, அஃது இல்லாதோர் மற்றொரு வகை. இவ்விரு வகையினரும் நோயற்றோருடன் ஒப்பிடப்பட்டனர். அசைவு உடையோரிடம் மூளையின் ஆழத்தே இயக்கத்தை நெறிப்படுத்தும் பகுதியில் அமைப்பு வேறுபாடு புலப்பட்டது. மருந்தின் பக்கவிளைவு என்றே பெரிதும் கருதப்பட்ட அசைவுகள் யாவும் மருந்தினால் வந்தவை அல்ல என்பது இதனால் வலுப்பெறுகிறது.

ஆய்வாளருக்கு வாய்ப்பாக அமைந்தது நோயாளருக்கு இழப்பு என்பதை மறைத்தல் தகாது. அவர்கள் மருந்து காணாதிருந்தமை சிகிச்சை எட்டாமையின் விளைவாகும். படமெடுத்தபின் சிகிச்சைக்கு வழிசெய்யாத ஆய்வு அறநெறிக்கு ஒவ்வாது.

அளவீட்டின் வரம்பும் கருதத்தக்கது. 2,028 நோயாளரையும் 2,540 நோயற்றோரையும் ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டின் எனிக்மா கூட்டாய்வில் மிகப் பெரிய வேறுபாடு ஹிப்போகாம்பஸின் சிறுமையே. அதன் விளைவளவு 0.46. இதனைப் பரவல் வளைவுகளாக வரைந்தால் இரு குழுக்களும் ஐந்தில் நான்கு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும். ஆதலால் திருப்பூரிலோ கோவையிலோ ஒரு ஸ்கேன் மையத்தில் எடுத்த ஒற்றைப் படத்தைக் கொண்டு ஒருவருக்கு மனச்சிதைவு உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலாது. மருத்துவர் அப்படத்தைக் கேட்பது கட்டி முதலிய பிற காரணங்களை விலக்கவே. நோயறிதல் இன்றும் நோயாளரிடமும் குடும்பத்தாரிடமும் பொறுமையாகக் கேட்டறிவதையே சார்ந்துள்ளது.