கணிப்பொறித் திரையில் ஓர் இருப்புப்பாதை

ரயில் ஓட்டும் கணிப்பொறி விளையாட்டுகளில் மலையும் பள்ளத்தாக்கும் உண்மைபோலத் தோன்றுவது எப்படி? 2000ஆம் ஆண்டில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பறந்து, புவியின் பெரும்பகுதி நிலத்தின் உயரங்களை ரேடாரால் அளந்தது. அந்த அளவுகளைக் கொண்டு சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலத்தை அமைக்கலாம்.

தண்டவாளத்தை அந்நிலத்தின்மீது அப்படியே பதிக்கலாமா? கூடாது. இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையில் நீண்ட ஏற்றங்கள் 100க்கு 1 என்ற சரிவுடையவை. 30 மீட்டரில் 30 சென்டிமீட்டர் உயர்வுதான்! ரேடார் அளவிலோ சில மீட்டர் பிழை நேரலாம். ரயில் அலைமேல் படகாகிவிடும்.

ஆகவே, ரயில்வேயின் சரிவு வரைபடப்படி முதலில் தண்டவாளத்தை அமைத்து, பிறகு நிலத்தை அதற்கேற்ப வெட்டியும் நிரப்பியும் சீராக்குவர். 24 வளைவுகள் கொண்ட ரிப்பிள்ஹெட் பாலம் அப்போதுதான் சரியாகப் பொருந்தும். 1876இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட மெய்யான பாதைக்காகப் பொறியாளர்கள் மலையை வெட்டி, பள்ளத்தை நிரப்பியதும் இதற்காகத்தானே!